பரம்பரையாக வந்த நாணயங்கள்: உலோகத்தைக் கண்டுபிடிக்க எந்தச் சோதனையை நம்பலாம்?

பெட்டி நிறையப் பழைய நாணயங்கள் பரம்பரைச் சொத்தாகக் கைக்கு வந்துவிட்டன. அதில் எது வெள்ளி, எது வெறும் செம்பும் நிக்கலும், மஞ்சளாக மின்னுகிற அந்த ஒன்று தங்கமா பித்தளையா என்று தெரிந்தால்தான் மற்ற முடிவுகளை எடுக்க முடியும். விற்பதா வைத்துக்கொள்வதா, கூடப் பிறந்தவர்களோடு எப்படிப் பங்கு பிரிப்பது, எதைப் பூட்டி வைப்பது எல்லாமே அதைப் பொறுத்தவை. விசாரித்தால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். காந்தம் போதும் என்பார் ஒருவர். ஆசிட் வைத்தால்தான் தெரியும் என்பார் இன்னொருவர். எக்ஸ்ரே கருவி இல்லாமல் பேசவே கூடாது என்பார் மூன்றாமவர்.

என் கட்சி வேறு. நகைக்கும் நாணயத்துக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. நகையில் என்ன கலந்திருக்கிறது என்பது செய்தவருக்கு மட்டுமே தெரியும். நாணயத்தில் என்ன கலக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஆகவே "இது என்ன உலோகம்?" என்று கேட்பதற்கு முன் "இது எந்த நாணயம்?" என்று கேட்க வேண்டும். அதற்கு விடை கிடைத்துவிட்டால் உலோகத்துக்கான விடை பெரும்பாலும் கூடவே வந்துவிடும். பிறகு செய்கிற சோதனைகள் எல்லாம், கையில் இருப்பது அந்த நாணயம்தானா என்று சரிபார்ப்பதற்கு மட்டுமே. இந்த வரிசையை மாற்றிப்போட்டு, எடுத்த எடுப்பில் சோதனையில் இறங்குகிறவர்கள்தான் நல்ல காசைக் கெடுத்துவிடுகிறார்கள்.

காசைப் படிப்பது

நாடு, முகமதிப்பு, ஆண்டு, நாணயச்சாலைக் குறி (எங்கே அடித்தது என்று காட்டும் சின்ன எழுத்து அல்லது அடையாளம்) ஆகிய நான்கையும் பார்த்து எழுதிக்கொண்டு நுமிஸ்டா போன்ற இணைய நாணயப் பட்டியலில் தேடினால் உலோகக் கலவை, எடை, விட்டம், விளிம்பு வகை எல்லாம் கிடைக்கும். செலவில்லை, காசுக்குச் சேதமுமில்லை. சாதாரணமாகப் புழங்கிய காசுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. அமெரிக்கக் கால் டாலரில் 1964 வரையிலான ஆண்டு இருந்தால் 90 சதவீத வெள்ளி. 1965 முதல் புழக்கத்துக்கு வந்தவற்றில் வெள்ளி இல்லை. பிரிட்டிஷ் ஷில்லிங், அரை கிரவுன் போன்றவை 1919 வரை 92.5 சதவீத வெள்ளி, 1920 முதல் 1946 வரை பாதி வெள்ளி, 1947-லிருந்து வெள்ளியே கிடையாது. பிரிட்டிஷ் இந்திய ரூபாயும் இதே பாதையில்தான் இறங்கியது: 91.7 சதவீதமாக இருந்த வெள்ளி, 1940 முதல் 1945 வரை 50 சதவீதமானது, 1947-இல் முழு நிக்கல் ஆகிவிட்டது.

ஆண்டை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாத காசுகளும் உண்டு. அவற்றை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கனடாவின் 1967-ஆம் ஆண்டு 10 சென்ட், 25 சென்ட் காசுகள் 80 சதவீத வெள்ளியிலும் 50 சதவீத வெள்ளியிலும் அடிக்கப்பட்டன. உருவம் ஒன்றுதான், கண்ணால் பிரிக்க முடியாது. அடுத்த ஆண்டே, 1968-இல், அதே காசுகள் பாதி வெள்ளியிலும் முழு நிக்கலிலும் வந்தன. அமெரிக்க ஒரு சென்ட் 1982-ஆம் ஆண்டிலேயே செம்புக் கலவையிலிருந்து செம்பு முலாம் பூசிய துத்தநாகத்துக்கு மாறியது. இரண்டிலும் 1982 என்றுதான் இருக்கும்.

இதில் உச்சம் மரியா தெரேசா தாலர். ஆஸ்திரியப் பேரரசியின் பெயரில் வந்த அந்தப் பெரிய வெள்ளிக் காசில் 1780 என்ற ஆண்டு நிரந்தரமாக நின்றுவிட்டது. அவர் இறந்து நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் வியன்னா, லண்டன், ரோம், பம்பாய் எனப் பல நாணயச்சாலைகள் அதே ஆண்டோடு அடித்துத் தள்ளின. எடை 28.07 கிராம், வெள்ளி 83.3 சதவீதம் என்பது எல்லாவற்றுக்கும் பொது. உலோகம் மட்டும் தெரிந்தால் போதும் என்றால் சிக்கலே இல்லை. எப்போது அடித்தது என்று தெரிய வேண்டுமானால் எந்த உலோகச் சோதனையும் உதவாது.

பெயரில் இருக்கும் பொறியையும் சொல்லிவிடுகிறேன். யூரோவின் 10, 20, 50 சென்ட் காசுகள் 'நார்டிக் கோல்ட்' என்ற கலவையில் ஆனவை. அதில் 89 சதவீதம் செம்பு, மீதி அலுமினியம், துத்தநாகம், வெள்ளீயம். தங்கம் துளிகூட இல்லை.

தராசு: மலிவு, வேகம், ஆனால் அரைகுறை

பட்டியலில் கிடைத்த எடையை உண்மையான எடையோடு ஒப்பிடுவது அடுத்த படி. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். 0.1 கிராம் மட்டுமே காட்டும் தராசை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏன் என்பது தண்ணீர்ச் சோதனையில் புரியும். கூடவே ஒரு காலிப்பர் இருந்தால் விட்டத்தையும் தடிமனையும் அளந்துவிடலாம்.

சில காசுகளுக்கு இந்த ஒரு சோதனையே தீர்ப்பு. வெள்ளிக் கால் டாலர் 6.25 கிராம், வெள்ளியில்லாதது 5.67 கிராம். அரை டாலரில் மூன்று படிகள் உண்டு: 90 சதவீத வெள்ளி 12.5 கிராம், 1965 முதல் 1970 வரையிலான 40 சதவீத வெள்ளி 11.5 கிராம், வெள்ளியற்றது 11.34 கிராம். மேலே சொன்ன 1982 சென்ட்டும் அப்படித்தான். செம்புக் கலவை என்றால் 3.11 கிராம், துத்தநாகம் என்றால் 2.5 கிராம்.

வேறு சில காசுகளில் தராசு நம்மை அழகாக ஏமாற்றும். பிரிட்டிஷ் அரை கிரவுன் 92.5 சதவீத வெள்ளியாக இருந்தபோதும் 14.14 கிராம், பாதி வெள்ளியானபோதும் 14.14 கிராம், வெள்ளி முழுக்கப் போன பிறகும் 14.14 கிராம். பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயும் 1940-க்கு முன்னும் பின்னும் 11.66 கிராம்தான். எடையை மாற்றாமல் வெள்ளியைக் குறைப்பது அரசாங்கங்களுக்குப் பழகிப்போன வேலை.

தேய்மானம் இன்னொரு தொல்லை. பல ஆண்டுகள் கைமாறிய காசு தன் எடையில் கொஞ்சத்தை இழந்திருக்கும். 11.66 இருக்க வேண்டிய இடத்தில் 11.4 காட்டினால் அது போலி என்று முடிவு கட்டிவிடக்கூடாது. எழுத்தும் முகமும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். மழுங்கிப்போன காசு எடை குறைவது இயல்பு. விளிம்புக் கோடுகள் கூர்மையாக, முகம் பளிச்சென்று இருந்தும் எடை குறைந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். எடை கூடுதலாக இருந்தால் சந்தேகம் இன்னும் பலம். தேய்ந்து யாரும் எடை கூடுவதில்லை.

காந்தம்: "இல்லை" என்று சொல்லத் தெரியும், "ஆம்" என்று சொல்லத் தெரியாது

இரும்பு, எஃகு, நிக்கல் இவற்றைக் காந்தம் இழுக்கும். தங்கம், வெள்ளி, செம்பு, ஈயம், பித்தளை எதையும் இழுக்காது. ஆகவே 'வெள்ளி' என்று நினைத்த காசு காந்தத்தில் ஒட்டினால் கதை முடிந்தது. ஒட்டாவிட்டால் ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை. செம்பு முக்கால் பங்கு, நிக்கல் கால் பங்கு கலந்த வெள்ளை நிறக் காசுகள் உலகெங்கும் குவிந்து கிடக்கின்றன. நிக்கல் இருந்தும் அவை காந்தத்தில் ஒட்டாது.

சில குறிப்பிட்ட குழப்பங்களுக்கு மட்டும் காந்தத்தை விடச் சிறந்த கருவி கிடையாது. கனடாவின் 1968 காசில் எது வெள்ளி, எது நிக்கல் என்பது நொடியில் தெரிந்துவிடும். 1947 நிக்கல் ரூபாய் ஒட்டும், வெள்ளி ரூபாய் ஒட்டாது. அமெரிக்காவின் 1943 சென்ட் போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டால் துத்தநாகம் பூசிய எஃகில் அடிக்கப்பட்டது. தவறுதலாகச் செம்புக் கலவையில் விழுந்த மிகச் சில காசுகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் பெரும் மதிப்பு. அதனால் எஃகுச் சென்ட்டுக்குச் செம்பு முலாம் பூசி ஏமாற்றுவது பழைய தந்திரம். காந்தம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் 1948 சென்ட்டில் கடைசி எண்ணைச் சுரண்டி 3 ஆக்கியிருந்தால் காந்தம் வாயே திறக்காது. உலோகம் சரி, காசு போலி!

வலுவான நியோடிமியம் காந்தத்தைச் சாய்வாகப் பிடித்து அதன் மேல் காசை வழுக்கவிடும் ஒரு முறையும் உண்டு. காந்தத்தின் மேல் நகரும்போது வெள்ளிக்குள் எழும் சுழல் மின்னோட்டம் காசை மெதுவாக இறங்கச் செய்யும். செம்பிலும் அப்படியே நடக்கும் என்பதை இதைச் சொல்கிறவர்கள் பலரும் சொல்வதில்லை. செம்பு-நிக்கலையும் ஈயத்தையும் கழித்துக்கட்ட இது உதவும், அவ்வளவுதான். காசைக் கீறாமல் இருக்க நடுவில் ஒரு மெல்லிய தாள் வையுங்கள்.

தண்ணீர்: வீட்டில் செய்யக்கூடியதில் இதுவே சிறந்தது

எடை தேய்மானத்தால் மாறும், ஆண்டு ஏமாற்றும், நிறம் பொய் சொல்லும். அடர்த்தி மட்டும் காசு எவ்வளவு தேய்ந்தாலும் மாறாது. அதனால்தான் வீட்டுச் சோதனைகளில் இதற்கு நான் முதலிடம் கொடுக்கிறேன்.

செய்முறை எளிது. காசை முதலில் சாதாரணமாக எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தராசின் மேல் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து டேர் பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, கோப்பையின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி முழுக்க முங்குமாறு தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண்தான் காசின் கன அளவு, மில்லிலிட்டரில். முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. காசு அடியைத் தொட்டுவிட்டால் முழு எடையும் தராசில் இறங்கிவிடும், கணக்கு கெட்டுவிடும். எழுத்துகளின் இடுக்கில் காற்றுக் குமிழ் ஒட்டினாலும் தவறு வரும். தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்புத் திரவம் விட்டால் குமிழ் ஒட்டாது. முடிந்ததும் சுத்தமான நீரில் முக்கி எடுத்து, மெத்தென்ற துணியில் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம்.

விடையை எதோடு ஒப்பிடுவது? தூய வெள்ளி 10.49, செம்பு 8.96, தூய தங்கம் 19.3, ஈயம் 11.34. செம்பு கலந்த வெள்ளியில் 92.5 சதவீதம் சுமார் 10.36, 90 சதவீதம் 10.3, பாதிக்குப் பாதி 9.6-ஐ ஒட்டி. செம்பு-நிக்கல் 8.9 அளவில் நிற்கும். 22 காரட் தங்கக் காசு 17.5-க்கும் 18-க்கும் இடையில் வரும், பித்தளை 8.5-ஐ ஒட்டித்தான் இருக்கும் என்பதால் தங்கமா பித்தளையா என்ற குழப்பத்துக்கு இங்கே இடமே இல்லை.

தராசைக் குழப்பிய அரை கிரவுனைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் எடை 14.14 கிராம். கன அளவோ 92.5 சதவீத வெள்ளிக்கு 1.37 மி.லி., பாதி வெள்ளிக்கு 1.47, வெள்ளியற்றதற்கு 1.58. மூன்றும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. ரூபாய்க்கும் அப்படியே, பழைய வெள்ளிக்கு 1.13 வரும், 1940-களின் பாதி வெள்ளிக்கு 1.22 வரும். இப்போது 0.1 கிராம் தராசை நினைத்துப் பாருங்கள். முதலாவதை 1.1 என்றும் இரண்டாவதை 1.2 என்றும் காட்டக்கூடும், இரண்டையுமே 1.2 என்றும் காட்டக்கூடும். அந்தத் தராசில் இந்தச் சோதனையைச் செய்வதும் செய்யாததும் ஒன்று.

சின்னக் காசுகளில் இந்த முறை தடுமாறும். 2.92 கிராம் எடையுள்ள பழைய கால் ரூபாயின் கன அளவு 0.28 மி.லி. மட்டுமே. நூலின் ஈரம், கை நடுக்கம் எல்லாம் சேர்ந்து 0.02 பிழை வந்தால்கூட விடை 9.7-லிருந்து 11.1 வரை எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கும். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. கனடாவின் 1967 காசிலும் இதே கதை. 25 சென்ட்டின் எடை 5.83 கிராம், 80 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் கன அளவில் 0.03 மி.லி.தான் வித்தியாசம். 0.001 கிராம் தராசு இருந்தால் பிரிக்கலாம், இல்லாவிட்டால் வேறு வழி பார்க்க வேண்டும்.

இதையும் ஏமாற்ற முடியுமா? முடியும். ஈயத்தின் அடர்த்தி வெள்ளியைவிட அதிகம், வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3 தான். நான்கு பங்கு ஈயத்தோடு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்தால் 10.2 வந்துவிடும், கிட்டத்தட்ட வெள்ளிக் காசின் அடர்த்தி. தங்கத்துக்கு இதே வேலையை டங்ஸ்டன் செய்கிறது. அதன் அடர்த்தி 19.25. ஆனால் ஈயக் கலவை நகம் பட்டாலே தழும்பு விழும் அளவுக்கு மென்மையானது, தட்டினால் மொத்தையான சத்தம்தான் வரும். ஒரே போலி எல்லாச் சோதனையிலும் தேறுவது மிகக் கடினம். அதனால் ஒரு சோதனையைப் பத்து முறை திரும்பச் செய்வதைவிட, வேறுவேறு குணங்களைப் பார்க்கும் இரண்டு சோதனைகளை ஒவ்வொரு முறை செய்வது மேல்.

முக்கியமான விலக்கு ஒன்று: மிகப் பழைய, அரித்துப்போன செம்பு, வெண்கலக் காசுகளைத் தண்ணீரில் போடாதீர்கள். குறிப்பாக வெளிர்பச்சை நிறத்தில் தூளாக உதிரும் களிம்பு இருந்தால் அது குளோரைடு அரிப்பு. ஈரம் பட்டால் அது வேகமெடுக்கும். அரிப்பினால் உள்ளே துளைகள் விழுந்திருந்தால் அடர்த்திக் கணக்கும் சரியாக வராது.

ஒலி, ஐஸ், ஆசிட்

வெள்ளிக் காசை விரல் நுனியில் நிறுத்தி, மரக்குச்சியால் லேசாகத் தட்டினால் மணி போல நீண்டு ஒலிக்கும். செம்பு-நிக்கல் சட்டென்று அடங்கிவிடும். இந்த ஒலியின் அதிர்வெண்ணை அளந்து ஒப்பிடும் கைபேசிச் செயலிகளும் இருக்கின்றன. துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். நுண்விரிசல் இருந்தால் நல்ல வெள்ளியும் மொத்தையாக ஒலிக்கும். தரையில் போட்டுப் பார்க்கும் பழைய பழக்கம் மட்டும் வேண்டாம், விளிம்பு நசுங்கும்.

ஐஸ் கட்டியைக் காசின் மேல் வைத்து வேகமாக உருகினால் வெள்ளி என்பார்கள். வெள்ளிக்கும் செம்புக்கும் வெப்பம் கடத்தும் திறனில் பெரிய வித்தியாசமில்லை. செம்பும் அதே வேகத்தில்தான் உருக்கும். விட்டுவிடலாம்.

ஆசிட் சோதனை உடைந்த நகைக்கும் உருக்கப்போகிற உலோகத்துக்கும் ஏற்றது. சேகரிப்பு நாணயத்துக்கு அது ஒரு தேர்வே இல்லை என்பது என் கருத்து. உரைகல்லில் தேய்த்தால் விளிம்பு போகும், நேராகச் சொட்டு வைத்தால் அழியாத கறை விழும். முலாமைத் தாண்டிப் பார்க்க வேண்டுமானால் ஆழமாகக் கீற வேண்டும். வெள்ளிக்கு வைக்கும் சிவப்புத் திரவத்தில் நைட்ரிக் அமிலமும் டைகுரோமேட்டும் இருக்கும். டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. காசுக்கும் கேடு, கைக்கும் கேடு. சோதிப்பதற்கு முன் பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்துக் கழுவுவதையும் இதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். கறுத்துப்போன மேற்பரப்பு அசலாக இருப்பதுதான் சேகரிப்பாளர்களுக்குப் பிடிக்கும். தேய்த்த காசைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்து விலையைக் குறைப்பார்கள்.

கருவிகள்: எக்ஸ்ஆர்எஃப்பும் மின்கடத்துத்திறன் கருவியும்

எக்ஸ்ஆர்எஃப் என்பது துப்பாக்கி வடிவிலோ பெட்டி வடிவிலோ இருக்கும் கருவி. காசின் மீது எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி அனுப்பும். அதை வைத்து இவ்வளவு வெள்ளி, இவ்வளவு செம்பு, இவ்வளவு நிக்கல் என்று சதவீதக் கணக்கு சில நொடிகளில் திரையில் வந்துவிடும். காசுக்கு எந்தச் சேதமும் இல்லை. வாங்குவதற்கு விலை அதிகம், ஆனால் தங்கம் வெள்ளி வாங்கி விற்பவர்களிடமும் உலோகப் பரிசோதனைக் கூடங்களிலும் இருக்கும். ஒரு சிறு கட்டணத்துக்குப் பார்த்துச் சொல்வார்கள். என்னென்ன கலந்திருக்கிறது என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுவதில் இதற்கு இணை கிடையாது.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். திரையில் தசமப் புள்ளியோடு எண் வந்துவிட்டால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் கருவி பார்ப்பது காசின் தோலை மட்டும்தான். உலோகத்தைப் பொறுத்துச் சில மைக்ரானிலிருந்து சில பத்து மைக்ரான் ஆழம் வரை (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

1965 முதல் 1970 வரையிலான அமெரிக்க அரை டாலரைக் காட்டிப் பாருங்கள்: 80 சதவீத வெள்ளி என்று சொல்லும். பொய்யில்லை, அதன் மேல் அடுக்குகள் 80 சதவீத வெள்ளிதான். உள்ளே இருக்கும் பகுதியில் 21 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாகத்தான் வெள்ளி. மொத்தமாகக் கணக்குப் போட்டால் 40. இன்றைய கால் டாலரைக் காட்டினால் முக்கால் செம்பு, கால் நிக்கல் என்று சொல்லும். உள்ளே முழுச் செம்பு இருப்பது தெரியாது. அந்தச் செம்பை விளிம்பைத் திருப்பிப் பார்த்தாலே கண்ணால் காணலாம்.

பழைய காசுகளில் சிக்கல் இன்னும் நுட்பமானது. செம்பு கலந்த வெள்ளிக் காசு நாட்பட நாட்பட மேற்பரப்பிலுள்ள செம்பை இழக்கும். அடிக்கும்போதே அமிலத்தில் போட்டு மேற்பரப்புச் செம்பை நீக்கி வெண்மையாக்கும் வழக்கமும் நாணயச்சாலைகளில் இருந்தது. அதனால் தோல் பணக்காரனாகவும் உடம்பு ஏழையாகவும் இருக்கும். மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதி ரோமானியக் காசுகளில் இது உச்சத்துக்குப் போனது. மெல்லிய வெள்ளிப் பூச்சுக்குக் கீழே கிட்டத்தட்ட முழுச் செம்பு. இந்த மாதிரிக் காசில் எக்ஸ்ஆர்எஃப் சொல்லும் வெள்ளி அளவு எப்போதும் கூடுதலாகவே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் என்ன செய்வது? எக்ஸ்ஆர்எஃப் சொன்ன கலவைக்கு என்ன அடர்த்தி வர வேண்டும் என்று பார்த்து, தண்ணீர்ச் சோதனையின் விடையோடு ஒப்பிடுங்கள். ஒன்று தோலைப் பார்க்கிறது, மற்றொன்று முழு உடம்பையும் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. எக்ஸ்ஆர்எஃப் 90 சதவீத வெள்ளி என்று சொல்லி, அடர்த்தி 9.2 என்று வந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. பல ஆயிரம் செலவழித்த கருவியின் குறையை ஒரு கோப்பைத் தண்ணீர் நிரப்புகிறது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

மின்கடத்துத்திறன் கருவி இன்னொரு வகை. காசுக்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி அது எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று அளக்கும். சிக்மா மெட்டாலிடிக்ஸ் தயாரிக்கும் கருவிகள் இதில் பெயர்பெற்றவை. செம்பின் கடத்துத்திறனை 100 என்று வைத்தால் தூய வெள்ளி அதைவிடச் சற்று மேலே, தூய தங்கம் 70-க்கு மேல், டங்ஸ்டன் 30 அளவில், செம்பு-நிக்கல் வெறும் 5 அளவில். அடர்த்தியில் தங்கத்தைப் போல நடித்த டங்ஸ்டன் இங்கே மாட்டிக்கொள்ளும். மெல்லிய முலாமைத் தாண்டி உள்ளே பார்ப்பதும், பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே அளப்பதும் இதன் பலம். கலவை என்னவென்று இது தானாகச் சொல்லாது என்பது பலவீனம். "90 சதவீத வெள்ளி" என்று நாம் தேர்ந்தெடுத்தால், அதோடு பொருந்துகிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். தங்கத்தில் கொஞ்சம் செம்பு கலந்தாலே கடத்துத்திறன் தலைகீழாக இறங்கிவிடும் என்பதால் தேர்வு தவறினால் விடையும் தவறும். நிறையத் தங்க, வெள்ளிக் காசுகளை அடிக்கடி வாங்கி விற்பவருக்கு இது நல்ல முதலீடு. ஒரே ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்ப்பதற்காக வாங்குவது வீண்.

சான்று நிறுவனத்துக்கு அனுப்புவதா?

1986-இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987-இல் தொடங்கிய என்ஜிசி போன்ற நிறுவனங்கள் காசைப் பரிசோதித்து, அசலா என்று பார்த்து, தரம் குறித்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும். இதற்குக் கட்டணமும் போக வரத் தபால் செலவும் காப்பீடும் உண்டு, நாளும் பிடிக்கும். உலோகம் என்ன என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் அனுப்புவது கட்டுப்படியாகாது. உலோகத்துக்கு மேல் சேகரிப்பு மதிப்பு நிறைய இருக்கும் காசுக்குத்தான் இது பொருந்தும். அங்கேயும் முக்கியமாக வாங்குவது உலோகத் தகவலை அல்ல, "அசல்" என்ற சொல்லை.

சவரன் என்ற பிரிட்டிஷ் தங்கக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். 7.99 கிராம், 22.05 மி.மீ. விட்டம், 22 காரட். தராசு, காலிப்பர், தண்ணீர், எக்ஸ்ஆர்எஃப் நான்கிலும் தேறிய பிறகும் அது போலியாக இருக்கலாம். சரியான தங்கத்திலேயே, சரியான எடையிலேயே போலியாக அடிக்கப்பட்ட சவரன்கள் உண்டு. உருக்கி விற்பதாக இருந்தால் அது ஒரு பிரச்சினையே இல்லை. அரிய ஆண்டு என்று சேகரிப்பாளருக்கு விற்கப்போகிறீர்கள் என்றால் எழுத்தின் வடிவம், அச்சின் கூர்மை இவற்றைப் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். உங்கள் பெட்டியில் ஏற்கெனவே உறையில் அடைத்த காசுகள் இருந்தால் சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே காட்டும் விவரத்தோடு ஒப்பிடுங்கள். உறையையே போலியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

பெட்டி முழுவதையும் ஒரே சோதனைக்கு உட்படுத்த வேண்டியதில்லை. நான் என்றால் முதலில் எல்லாவற்றையும் நாடு, ஆண்டு வாரியாகப் பிரித்துப் பட்டியலைப் பார்ப்பேன். வெள்ளியே அடிக்கப்படாத ஆண்டுகளைச் சேர்ந்த சாதாரணக் காசுகள் அங்கேயே ஒதுங்கிவிடும்; பெட்டியில் பெரும்பகுதி இவையாகத்தான் இருக்கும். மீதியைக் காந்தத்திலும் தராசிலும் ஓட்டினால் இன்னொரு பங்கு ஒதுங்கும். தண்ணீருக்குப் போக வேண்டியவை ஐந்தாறு கிராமுக்கு மேல் எடையுள்ள, வெள்ளி அல்லது தங்கம் என்று நம்பப்படுகிற, அரிப்பு இல்லாத காசுகள் மட்டும். அதிலும் விடை தெளியாதவை, எடை குறைந்த சின்ன வெள்ளிக் காசுகள், 1967 கனடா போல ஒரே முகத்தில் இரண்டு கலவை உள்ளவை, தங்கக் காசுகள் அனைத்தும், இவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரே நடையில் எக்ஸ்ஆர்எஃப்புக்கு எடுத்துப்போகலாம். ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு உறையில், பட்டியல் சொல்லும் கலவையையும் நீங்கள் அளந்த எடையையும் உறை மேல் எழுதி. காசைச் சுரண்டவோ துடைக்கவோ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நகைக்குப் பழகிய கை சட்டென்று ஒரு கீறல் போட்டுவிடும்.

பங்கு பிரிக்கும் வீட்டில் ஒரு நுணுக்கம் கூடுதலாக உண்டு. வெள்ளி எல்லாம் ஒரு பக்கம், செம்பு எல்லாம் ஒரு பக்கம் என்று உலோகத்தை வைத்து மட்டும் கூறு போட்டால் அநியாயம் நடந்துவிடலாம். லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டுத் தேய்ந்துபோன வெள்ளிக் காசுக்கு அதன் வெள்ளி விலைதான் கிடைக்கும். அரிய ஆண்டுச் செம்புக் காசு அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆகவே உலோகப் பட்டியலும் அரிய காசுகளின் பட்டியலும் தனித்தனியாக இருக்கட்டும், இரண்டையும் பார்த்த பிறகு பிரியுங்கள்.

மேலே சொன்ன வரிசைக்குள் அடங்காத ஒரு கூட்டம் எல்லாப் பரம்பரைப் பெட்டியிலும் இருக்கும்: கழுத்தில் அணிய வளையம் பற்றவைத்த காசுகள், ஓட்டை போட்ட காசுகள், பதக்கமாகச் சட்டத்துக்குள் அமர்ந்த காசுகள். வளையமும் பற்றாசும் சேர்ந்த எடையை எந்தப் பட்டியலோடும் ஒப்பிட முடியாது. அடர்த்தியும் கலப்படமாகத்தான் வரும். ஓட்டை மட்டும் போட்ட காசுக்கு எடை உதவாது, அடர்த்தி உதவும். வளையம் உள்ளதற்கு எக்ஸ்ஆர்எஃப் ஒன்றுதான் வழி. பற்றவைத்த இடத்திலிருந்து தள்ளி, காசின் எதிர் ஓரத்தில், இரண்டு பக்கமும் ஒவ்வொரு முறை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு அளவுகளும் பட்டியலில் உள்ள கலவையை ஒட்டி வந்தால் வளையத்தை அறுத்துப் பார்க்கும் யோசனையைக் கைவிட்டுவிடலாம்.